இருங்க

டிக்கெட் மெஷினில் ஸ்டாப் பேர் ஏற்றுகிற வேலை எனக்கு.
ஒரு பேர் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது.
கொண்டலாம்பட்டி பைபாசை
முன்னும் பின்னும் கொத்தித்தான் உள்ளே தள்ளினேன்.
இதற்கு மட்டும் சிரமமில்லை.
நாலே எழுத்து.

கருப்பூர் தாண்டி, மாமாங்கத்துக்கு முன்னால்
வெள்ளைக்கல் லாரிகள் திரும்பும் வளைவில்
ஓர் எடைமேடை இருந்தது.
ஸ்டாப் கிடையாது.
பேர் வைக்க ஒரு புளியமரம்கூடக் கிடையாது.

காலை ஆறு பத்து வண்டி. கண்டக்டர் சடையப்பன்.
பெரியாஸ்பத்திரி சலவைக்கட்டில் வேலை பார்த்த பெருமாயி
எடைமேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வருவாள்.
ஒரு கையில் தூக்குவாளி,
இன்னொரு கையில் முடிந்து முடியாத கொண்டை,
சில நாள் செருப்பு அக்குளில்.
"இருங்க, இருங்க, இருங்க."
எப்போதும் மூன்று. இரண்டாவதில் மூச்சு முட்டும்.

வாயிலிருந்து விசிலை எடுக்காமலே திட்டுவார் சடையப்பன்.
திட்டில் பாதி விசிலாக வரும்.
டிரைவர் கியரை எடுத்துவிட்டு
சேர்வராயன் மலை வைத்த இடத்தில் இருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு சாயங்காலம், திரும்பும் நடையில்
ஐ.டி.ஐ. பையன் ஒருத்தன் காசை நீட்டி
"இருங்க ஒண்ணு" என்றான்.
(நானில்லை. நானாக இருந்தால்
இந்நேரம் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.)
சடையப்பன் சிரிக்கவில்லை.
கிழித்துக் கொடுத்தார்.
பேர் வைத்த விழா அவ்வளவுதான்.

அதற்கப்புறம்
அவள் வராத நாட்களிலும் வண்டி நின்றது.

பெருமாயி எங்கோ குடிமாறிப் போனாள்,
ஆத்தூர் என்றார்கள், ராசிபுரம் என்றும்.
எடைமேடையைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்.
சதுரமாக ஒரு பள்ளம். மழை வந்தால் தவளை.

கவுன்சிலர் நிழற்குடை கட்டி
தன் அப்பா பேரைப் போட்டார், பட்டத்தோடு, இரண்டு வரி.
அதன் கீழே நின்றுகொண்டு போனில் சொல்கிறார்கள்:
"இருங்கவுல நிக்கிறேன்."

தமிழாசிரியர் ஒருவர் டெப்போவுக்குக் கடிதம் எழுதினார்.
இரும் என்றால் கரிய, பெரிய.
இருங்குன்றம் தேய்ந்து இருங்க ஆயிற்று, திருத்துக.
கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.
அந்த வளைவில் நின்று பார்த்தால்
தோண்டிப் போட்ட வெள்ளைக்கல் மேடு கண்ணைக் கூசும்.
கடிதத்தைக் கிழிக்க மனமில்லை. கோப்பில் வைத்தேன்.

டீக்கடைக்காரருக்கு வேறு கதை.
இருங்காயி என்றொரு அம்மனாம்,
போகிற வண்டியை நிறுத்துகிறவளாம்.
எடைமேடையில் மிஞ்சிய கல்லுக்கு
மஞ்சள் பூசிவிட்டார்.
டிரைவர்கள் இப்போது ஹாரனைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

போன ஆடியில், லீவு நாள், அந்த வண்டியில் போனேன்.
முன் சீட்டில் ஓர் அம்மாள்.
எண்ணெய் வைத்துப் படிய வாரிய கொண்டை.
"பழைய எடைமேடை ஒண்ணு."
"அப்படி ஸ்டாப்பே இல்லீங்களே."
"கல்லு லாரி திரும்புமே தம்பி, அங்க."
"ஓ… இருங்க."

பையன் காத்திருக்கச் சொல்கிறான் என்று நினைத்து
"சரி, இருக்கேன்" என்றாள்.

மெஷின் கிர்ரென்றது.
மகளிர் சீட்டு.
நான் ஏற்றிய நாலெழுத்து, பக்கத்தில் பூஜ்யம் ரூபாய்.
வாசிக்காமல் மடித்து
வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.

அவள்தானா, தெரியாது.
வருஷக் கணக்காக ஓடிவந்தே பார்த்த முகம்
உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று
யார் கண்டது.

இறங்கினாள். மஞ்சள் கல்லைப் பார்த்தாள்.
கும்பிடவில்லை,
பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வண்டி நகர்ந்த பிறகு, பின்னால் தூங்கி விழித்த ஒருத்தர்
"இருங்க, இருங்க" என்று கத்தினார்.
பேரா, கெஞ்சலா,
டிரைவர் கேட்கவில்லை.
பிரேக்கை மிதித்தார்.